மொட்டைக் கடிதங்கள்

தார்த்துவில் எங்கள் நீரியல் அலுவலகத்துக்கு
நாளுக்கு நானூறு மின்னஞ்சல்.
ஒன்றுகூடத் தனியாக வருவதில்லை.
எந்த வழங்கியில் ஏறியது, எதில் இறங்கியது,
வழியில் எத்தனை நொடி கால்கடுக்க நின்றது,
முத்திரை குத்தியது யார்,
அந்த முத்திரை மெய்யென்று முத்திரை குத்தியது யார்,
இது குப்பை இல்லை என
குப்பைச் சல்லடை தந்த நற்சான்றிதழ்.
முப்பத்தெட்டு வரி கட்டியம் கூறி முடித்தபின்
அரசர் எழுந்தருள்கிறார்:
"சரி. நன்றி."

என்னுடையது எழுத்து மட்டுமே ஓடும் பழைய நிரல்.
கறுப்புத் திரை, இருபத்துநான்கு வரி.
திரை முழுக்கத் தலையே நின்றால்
உடம்பை எங்கே கிடத்துவது?

நவம்பர், பிற்பகல் மூன்றரை,
வெளியே இருட்டிவிட்டது.
புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து
இரண்டு வரி எழுதினேன்.
புறக்கணி: நட்சத்திரம்.
(நட்சத்திரம் என்றால் எல்லாம்.)
புறக்கணியாதே: அனுப்புநர், பெறுநர், நாள், பொருள்.

அவ்வளவுதான். மழித்த தலையில் நாலு முடிக் குடுமி.
பக்கத்து மேசை விர்வே எட்டிப் பார்த்து
"உனக்கு மட்டும் எல்லாம் மொட்டைக் கடிதமா?" என்றாள்.
மறுநாள் தன் கோப்பிலும்
அதே இரண்டு வரியை ஒட்டிக்கொண்டாள்.

ஹீயுமா தீவிலிருந்து தினமும் காலை ஏழுக்கு
ஆர்வியின் அஞ்சல் வரும்.
பொருள்: கடல்மட்டம்.
கீழே மூன்று எண்கள்.
வணக்கமில்லை, கையொப்பமில்லை.
ஒருமுறை தாலினில் ஆண்டுக் கூட்டத்தில்
என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.
புகைபோட்ட தட்டைமீனை
முள் முள்ளாகப் பிரித்துத் தின்றார்.
"அங்கே குளிர் எப்படி?" என்றேன்.
"ம்."
இப்படியும் ஒரு மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு குளிர்காலம் போயிற்று.

இந்த ஜனவரியில் வெப்பக்குழாய் வெடித்தது.
கையுறையோடு தட்டச்சு செய்தோம்.
அடுத்த கடிதத்துக்கு ஜே.
ஜே-க்குப் பக்கத்து வீடு ஹெச்.
தடித்த விரல் வீடு மாறி விழுந்தது.
மறைத்த தலையெல்லாம் விரித்துப்போட்டு வந்து நின்றது
ஆர்வியின் கடிதம்.
வழக்கமான வழங்கிகள், வழக்கமான முத்திரைகள்,
அவற்றுக்கு நடுவே

எக்ஸ்-ஜன்னல்: பனிமூட்டம். கலங்கரை விளக்கம் அங்கேயே இருக்கும் என்று நம்புகிறேன்.

அப்படியொரு தலைப்பு எந்த நெறிமுறையிலும் கிடையாது.
கையால் சேர்த்தால்தான் உண்டு.

முந்தைய நாளுக்குப் போனேன். அதற்கும் முந்தைய நாளுக்கு.
ஹெச். ஹெச். கையுறையைக் கழற்றிவிட்டேன்.

எக்ஸ்-ஜன்னல்: அன்னம் பதினொன்று. நேற்றுப் பன்னிரண்டு.
எக்ஸ்-ஜன்னல்: படகு வரவில்லை. ரொட்டி தீர்ந்தது, மீன் தீரவில்லை.
எக்ஸ்-ஜன்னல்: கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அதே கடல்.
எக்ஸ்-ஜன்னல்: தாலினில் ஒருவர் குளிரைப் பற்றிக் கேட்டார். பதில் இப்போதுதான் வருகிறது. பழகிவிடும், ஆனால் காதுகளுக்கு இல்லை.
எக்ஸ்-ஜன்னல்: இங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நல்லது.

அந்த "நல்லது"தான் என்னைத் தடுத்தது.
ஆளில்லை என்று பாடுகிறவனின்
கதவைத் தட்டலாமா?
விர்வேயிடமும் சொல்லவில்லை.

கோப்பைத் திறந்தேன்.
நாள், பொருள் என்பதற்குப் பின்
ஐந்தாவதாக ஒரு சொல் சேர்த்தேன்.
பிறகு, தினமும் நான் அனுப்பும்
"பெற்றுக்கொண்டோம்" என்ற ஒற்றைச் சொல் பதிலின்
தலைக்குள்ளே, மயிரோடு மயிராக:

எக்ஸ்-ஜன்னல்: எதிரே செங்கல் சுவர். மேலே ஒரு காகம், ஈரமாக.

அவர் கோப்பிலும் ஒரு நட்சத்திரம் இருக்கக்கூடும்.
இருந்தால் அந்தக் காகம்
கடலைத் தாண்டிப் போய்
அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், இரைச்சலில்லாமல்.

இன்று காலை ஏழு மணி.
கடல்மட்டம். மூன்று எண்கள். இரண்டு சென்டிமீட்டர் ஏற்றம்.
எக்ஸ்-ஜன்னல்: வடகாற்று.

அவ்வளவுதான்.
பெற்றுக்கொண்டோம் என்று தட்டிவிட்டு
சுவரைப் பார்க்கிறேன்,
இன்றைக்கு என்ன இருக்கிறது என்று.